குழுவில் பேசியது எங்கே போச்சு? பழைய வாட்ஸ்அப் செய்தியைத் தேடிப் பிடிக்கும் வழிமுறை

மடை ரிப்பேருக்கு எவ்வளவு ஆனது, வாழை இலைப்புள்ளிக்கு லிட்டருக்கு எத்தனை மில்லி என்று யார் சொன்னது, கூட்டுப் பட்டா பிரிக்க என்னென்ன காகிதம் கேட்டார்கள், இதெல்லாம் குழுவில் என்றைக்கோ பேசி முடித்த விஷயம். கால்வாய்ப் பாசனக் குழுவானாலும் சரி, பாளையங்கோட்டைக் குடியிருப்புச் சங்கக் குழுவானாலும் சரி, இரண்டு வருஷம் கழித்துத் தேடினால் கையில் சிக்காது. உடனே மறுபடி கேட்பார்கள். நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள்.

தேடல் பெட்டிக்கு அர்த்தம் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். அதனால் எழுதியவர் எப்படித் தட்டியிருப்பார் என்று யோசித்துத்தான் தேட வேண்டும். கீழே உள்ளவை நோய்க்குறி வாரியாக. உங்கள் போனில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். மெனுப் பெயர்கள் ஆண்ட்ராய்டு போனில் ஆங்கிலத்தில் வருகிறபடி.

தேடினால் ஒன்றுமே வரவில்லை. ஆனால் பேசியது நிச்சயம்

முதலில் பார்க்க வேண்டியது சொல்லின் வால். வாட்ஸ்அப் சொல்லை அதன் தொடக்கத்திலிருந்து ஒப்பிடுகிறது என்று வைத்துக்கொண்டே தேடுங்கள். ‘குளம்’ என்று தட்டினால் ‘குளத்தில்’, ‘குளத்துக்கு’, ‘குளத்து மடை’ எதுவும் வராது. ‘குள’ என்று நிறுத்தினால் எல்லாம் வரும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத சிக்கல் கடைசிப் புள்ளி. போனும் கணினியும் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் ‘ல்’ என்பது ஓர் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. ‘ல’ ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறி. ‘லி’ என்பது ‘ல’வும் இகரக் குறியும். ஆகவே ‘வாய்க்கால்’ என்று புள்ளியோடு முடித்துத் தேடினால், ‘வாய்க்காலில் தண்ணி வரல’ என்ற செய்தி பொருந்தாமல் போகும். புள்ளியை அழித்து ‘வாய்க்கால’ என்று விடுங்கள், இரண்டும் சிக்கும். இதே வித்தையில் ‘வண்ணார’ என்று தேடினால் வண்ணாரப்பேட்டை என்று எழுதியவரும் வருவார், வண்ணார்பேட்டை என்று எழுதியவரும் வருவார். ‘ஆறு’ என்பதற்கு ‘ஆற’ என்றால் ‘ஆற்றில்’, ‘ஆற்றங்கரை’ கிடைக்கும். பேச்சு வழக்கில் ‘ஆத்துல’ என்று எழுதியவருக்கு ‘ஆத’ என்று தனியாக ஒரு முறை.

அடுத்தது பேச்சு வழக்கு. குழுவில் யாரும் பாடப்புத்தகத் தமிழ் எழுதுவதில்லை. ‘தண்ணீர் எப்போது திறக்கிறார்கள்’ என்று தேடினால் ‘தண்ணி எப்ப விடுதாவ’ என்ற செய்தி எப்படி வரும்? நாற்று என்பது நாத்து ஆகியிருக்கும். பிசானம் என்ற நெல் பருவம் சிலர் கையில் பிசாணம் ஆகியிருக்கும். சேரன்மகாதேவி சேர்மாதேவி ஆகியிருக்கும். வினைச்சொல்லை விட்டுவிட்டு, ஊர், பொருள், எண் இவற்றை மட்டும் தட்டுவது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். தண்ணி என்பதை டி-எச்-ஏ-என்-என்-ஐ என்று ஒருவர் எழுதுவார், எச் இல்லாமல் இன்னொருவர். முழுச் சொல்லையும் தட்டாமல் டி-எச்-ஏ-என்-என் என்ற 5 எழுத்தோடு நிறுத்தினால் தண்ணியும் வரும், தண்ணீரும் வரும். ஒரு ‘என்’ குறைத்துவிடாதீர்கள். குழுவில் இதுவரை ‘தேங்க்ஸ்’ சொன்ன அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். பிறகு எச்சை எடுத்துவிட்டு டி-ஏ-என்-என் என்று இரண்டாவது முறை. அம்பாசமுத்திரத்துக்கு ஏ-எம்-பி-ஏ போதும், அம்பையும் அதில் அடங்கும். சேரன்மகாதேவிக்கு சி-எச்-இ-ஆர், எஸ்-இ-ஆர் என இரண்டு முறை. நெல்லையைச் சிலர் டி-வி-எல் என்று சுருக்குவார்கள். ரயில் பற்றிய செய்தியானால் நெல்லை ஜங்ஷனின் குறியீடு டி-இ-என்.

நாலாவது கொஞ்சம் விஷமம். பார்க்க ஒன்றாக இருக்கும், உள்ளே வேறாக இருக்கும். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். ‘ஔ’ வரிசையில் பின்பாதிக் குறிக்குப் பதில் ‘ள’ எழுத்தையே தட்டிவிடுவோர் உண்டு. ‘ஸ்ரீ’க்கும் உள்ளே இரண்டு வடிவம் உண்டு. சோதிக்க வேண்டுமானால் அந்த எழுத்தை நகலெடுத்து ஒரு குறிப்பு செயலியில் ஒட்டி, பின்னழிப்பு விசையை ஒரு தடவை தட்டுங்கள். ‘கெ’ என்று மிஞ்சினால் அது இரண்டு குறி. குறி முழுதாகப் போய் ‘க’ நின்றால் பெரும்பாலும் ஒரே குறி. தீர்வு எளிது. கோடகன், கோடைமேலழகியான் என்ற கால்வாய்ப் பெயர்கள் போல ஒகர ஓகாரத்தில் தொடங்கும் சொல்லை விட்டுவிட்டு, அதே செய்தியில் இருந்திருக்கக்கூடிய வேறு சொல்லைத் தேடுங்கள். ‘டகன்’, ‘மேலழகி’ என்று நடுப்பகுதியை வைத்துத் தேட வாட்ஸ்அப் உதவாது. அதற்குக் கோப்பாக இறக்கித்தான் தேட வேண்டும், வழி கீழே இருக்கிறது.

கடைசியாக, குரல்வழித் தட்டச்சு. கன்னடியன் என்று கால்வாய்ப் பெயரைச் சொன்னதை ‘கண்ணாடி’ ஆக்கிவிட்டு அது சும்மா இருக்கும், அனுப்பியவரும் திருத்தியிருக்கமாட்டார். குரலில் அனுப்புகிற பழக்கம் உள்ளவர் என்றால், அந்தச் சொல்லுக்குக் காதில் கிட்டத்தில் கேட்கும் சாதாரணச் சொல் எது என்று யோசித்து அதையும் ஒரு முறை போடுங்கள்.

வண்டி வண்டியாக வருகிறது, எது என்று தெரியவில்லை

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று. ‘நெல்’ என்று தேடினால் நெல்லை, நெல்லையப்பர், நெல்லை கால்வாய், நெல்லை எக்ஸ்பிரஸ் எல்லாம் வரிசையில் வரும். பயிரைத் தேடுகிறீர்கள் என்றால் ரகத்தின் பெயரால் தேடுங்கள். அம்பை 16 என்பது ‘அம்பை16’, ‘அம்பை-16’, ஆங்கில எழுத்தில் ஏ-எஸ்-டி என்று பல வேஷத்தில் இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டாலும் நெல்லையைத் தேடுவதைவிடச் சீக்கிரம் முடியும்.

எண்தான் எல்லாவற்றையும்விட நல்ல தூண்டில். தமிழில் தட்டினாலும் ஆங்கிலத்தில் தட்டினாலும் 143 என்பது 143தான். அணை நிலவரச் செய்தி வேண்டுமா? பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த மூன்றில் ஒன்றைப் போட்டால் தினசரி நிலவரம் ஒட்டுபவரின் செய்திகள் அப்படியே வரிசையாக வரும். ரூபாய்த் தொகை, சர்வே எண், அரசாணை எண் இவையும் அப்படியே. தேதி மட்டும் நம்பத்தகாதது, ஏனென்றால் 17.12.2023, 17-12-23, 17/12/2023 என்று ஆளுக்கொரு மாதிரி.

அலகையும் பயன்படுத்துங்கள். மருந்து அளவு சொன்ன செய்தியில் ‘மில்லி’ அல்லது ‘மிலி’ இருக்கும்; ‘மில’ என்றால் இரண்டும் வரும். ‘எம்எல்’ என்று ஆங்கில எழுத்தில் எண்ணோடு ஒட்டி எழுதியிருந்தால் எம்-எல் என்று தேடிப் பயனில்லை, சொல்லின் தொடக்கம் எண்ணாகிவிடுகிறது. அங்கே 1, 2 என்று எண்ணையும் சேர்த்துத் தட்ட வேண்டும்.

கேள்வி கிடைக்கிறது, பதில் கிடைக்கவில்லை

‘வாழைல இலை கருகுது, என்ன மருந்து அடிக்க?’ என்ற கேள்வி நாலைந்து முறை வரும். பதில் சொன்னவர் வாழை என்றே எழுதியிருக்க மாட்டார். மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள் இடைவெளி, அவ்வளவுதான் எழுதியிருப்பார். ஆகவே பதிலில் இருக்கக்கூடிய சொல்லைத் தேடுங்கள்: ‘மில’, ‘லிட்ட’, ‘டேங்க’, ‘ஸ்ப்ரே’, ‘ஒட்டு’. கடைசியில் உள்ளது மருந்தோடு கலக்கும் ஒட்டுத் திரவத்துக்கு.

பதிலையே தேடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேற்கோள் காட்டிப் பதில் போட்டிருந்தால், பதிலின் மேலே உள்ள மேற்கோள் பெட்டியைத் தொட்டால் பழைய கேள்விக்குத் தாவும். கேள்வியைத் தொட்டால் பதிலுக்குத் தாவாது. எனவே பதிலைப் பிடித்துவிட்டால் கேள்வி தானாக வரும். கேள்வி மட்டும் கிடைத்திருந்தால் அங்கிருந்து கீழே கையால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அன்றைக்கே பதில் வராமல் மறுநாள் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் கிடப்பதும் உண்டு என்பதால், இரண்டு நாள் தூரமாவது பார்த்துவிட்டு விடுங்கள்.

சொல் ஒன்றும் ஞாபகமில்லை, காலம் மட்டும் தெரியும்

குழுவைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘சர்ச்’ தொட்டால் மேலே நாள்காட்டிப் படம் தெரியும். ஆண்ட்ராய்டில் 2024இல் வந்த வசதி. தேதியைத் தேர்ந்தால் அந்த நாளுக்குப் போய் நிற்கும். படம் தெரியவில்லை என்றால் செயலியைப் புதுப்பியுங்கள்.

தேதி யாருக்கு ஞாபகம் இருக்கும்? நிகழ்ச்சிதான் ஞாபகம் இருக்கும். அதைத் தேதியாக மாற்றுங்கள். பேசியது வெள்ளத்துக்கு முன்பா பின்பா? பெருவெள்ளம் 2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணியில் நீராடும் புஷ்கர விழாவுக்குக் கூட்டம் வந்த சமயமா? அது 2018 அக்டோபர். ஊரடங்கு தொடங்கியது 2020 மார்ச் கடைசி வாரம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி என்றால் ஜூன் மத்தியிலிருந்து ஜூலை மத்திக்குள். கார் பருவ நெல் நடவு நேரம் என்றால் ஜூன், ஜூலை. பிசான நடவு என்றால் அக்டோபர், நவம்பர். இந்த இரண்டு பருவத்தில் எது என்று முடிவானாலே வருஷத்தில் முக்கால்வாசி கழிந்துவிடும்.

தென்காசிப் பக்கத்து விஷயமானால் ஒரு எச்சரிக்கை. தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பரில். அதற்கு முந்திய செய்தியில் சங்கரன்கோவிலும் கடையநல்லூரும் ‘நெல்லை மாவட்டம்’ என்ற பெயரில்தான் இருக்கும்.

செய்தி படமாகவோ குரலாகவோ வந்தது

படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாட்ஸ்அப் தேடாது. குழுப் பெயரைத் தொட்டு ‘மீடியா, லிங்க்ஸ், டாக்ஸ்’ பகுதிக்குப் போனால் மாதவாரியாகப் பிரித்து வைத்திருக்கும். நோட்டீஸ், ரசீது மாதிரி வெள்ளைக் காகிதப் படங்கள் சின்ன அளவிலேயே கண்ணில் படும். படத்தைக் கண்டுபிடித்துத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ இன் சாட்’ கொடுத்தால் அதைச் சுற்றி நடந்த பேச்சுக்குப் போகலாம்.

கோப்பாகத் தேடுவதானால் போனின் ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று உள்ளே போகவும். படங்களின் பெயர் ஐ-எம்-ஜி என்று தொடங்கி, அடுத்து 20231218 என்று வருஷம், மாதம், நாள், பிறகு டபிள்யூ-ஏ, வரிசை எண் என்று இருக்கும். போன் மாற்றி நகலெடுத்தால் கோப்பின் ‘மாற்றிய தேதி’ எல்லாம் நகலெடுத்த நாளாகிவிடும், பெயரிலுள்ள தேதி மாறாது. பெயரை நம்புங்கள். குரல் பதிவுகள் ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ அடைவில் வருஷமும் வார எண்ணும் சேர்ந்த உள்ளடைவுகளில் கிடக்கும். வெள்ளம் வந்த வாரம் 202351. அங்கே இல்லையென்றால் முன்பின் ஒரு வாரம் பாருங்கள்.

குரல் பதிவைச் சுற்றிய எழுத்தைத் தேடுவது இன்னும் சுலபம். நீளமான பதிவுக்குக் கீழே யாராவது ‘ஆடியோ கேளுங்க’, ‘அண்ணாச்சி சொன்னது சரிதான்’ என்று போட்டிருப்பார்.

பிடிஎஃப் இருக்கிறது, உள்ளே தேடினால் வரவில்லை

இரண்டு காரணம். ஒன்று, அது வெறும் ஸ்கேன். இன்னொன்று, வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பார்க்கத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியல். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான், அதற்குப் பிறகும் பழைய எழுத்துரு பல கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டவே முடியாவிட்டால் ஸ்கேன். உளறலாக ஒட்டினால் பழைய எழுத்துரு.

பழைய எழுத்துரு என்றால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். ஒரே ஒரு சொல்லைத்தான் தேட வேண்டும் என்றால் தலைகீழாகச் செய்வது வேகம்: உங்கள் சொல்லை அந்தப் பழைய குறிமுறைக்கு மாற்றி, கிடைக்கும் உளறலை அப்படியே பிடிஎஃப்பில் தேடுங்கள். ஸ்கேன் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் வலது சொடுக்கி ‘ஓப்பன் வித்’ மூலம் கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழை வாசித்துத் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும், பக்கம் நிமிர்ந்து இருக்க வேண்டும். கையெழுத்துக்கு இதை நம்பாதீர்கள்.

ஒரு தேதிக்கு முன்னால் எதுவுமே இல்லை

இது தேடல் கோளாறே அல்ல, செய்தி உங்கள் போனில் இல்லை. நீங்கள் குழுவில் சேர்வதற்கு முன் பேசியதும், விலகியிருந்த இடைவெளியில் பேசியதும் பொதுவாக உங்களிடம் இருக்காது. கணினியில் இணைத்துப் பார்க்கிறவர்களுக்குச் சமீப காலச் செய்திகள்தான் இறங்கியிருக்கும். பழையதைப் போனிலேயே தேடுங்கள்.

மறையும் செய்தி வசதியை யாராவது போட்டிருந்தால் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைத்த கெடுவில் போய்விடும். ஆனாலும் தானாக இறங்கிய படங்கள் போனில் இருக்கலாம், மேற்கோளாக எடுத்துப் பதில் போட்ட வரி பதிலோடு தங்கியிருக்கலாம்.

போன் மாற்றியதால் போனது என்றால் அவசரம். மீட்டெடுக்காமல் புதிதாகத் தொடங்கிவிட்டீர்களா? முதலில் தானியங்கி பேக்கப்பை நிறுத்துங்கள். காலிப் போனின் பேக்கப் கூகுள் கணக்கிலுள்ள பழையதன் மேல் எழுதிவிட்டால் திரும்பாது. பிறகு, அதே எண், அதே கூகுள் கணக்கு என்று உறுதி செய்துகொண்டு செயலியை நீக்கி, மறுபடி நிறுவி, ‘ரீஸ்டோர்’ கேட்கும்போது ஆம் சொல்லுங்கள். இடைப்பட்ட நாளில் வந்த செய்திகள் இதில் போகும், தெரிந்தே செய்யுங்கள். பழைய போன் இன்னும் கையில் இருந்தால் அதை அழிக்காதீர்கள். உள் சேமிப்பில் கடைசி 7 நாள் வரையிலான பேக்கப் கோப்புகள் கிடக்கும்.

எதுவுமே இல்லையென்றால், குழுவில் அப்போது இருந்த ஒருவரிடம் தனியாகக் கேட்க வேண்டியதுதான். ‘யாராவது அந்த மெசேஜ் வச்சிருக்கியளா’ என்று குழுவில் போட்டால் யாரும் தேட மாட்டார்கள். இப்படிக் கேளுங்கள்: ‘அண்ணாச்சி, 2022 கார்ல கோடகன் கால் மடை ரிப்பேர் கணக்கு பேசினோம்லா, உங்க போன்ல மடைன்னு போட்டுப் பாத்து அத எனக்கு ஃபார்வர்டு பண்ணுதியளா?’ வருஷம், பருவம், தட்ட வேண்டிய சொல் மூன்றும் அதில் இருக்கிறது. 2 நிமிஷத்தில் வந்துவிடும்.

எல்லாம் செய்தும் வரவில்லை: கோப்பாக இறக்கித் தேடுவது

குழுவில் மூன்று புள்ளி, ‘மோர்’, ‘எக்ஸ்போர்ட் சாட்’, ‘வித்தவுட் மீடியா’. படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 செய்தி, படமில்லாமல் எடுத்தால் கடைசி 40,000 செய்தி என்பது வாட்ஸ்அப் சொல்லும் வரம்பு. தினம் 100 செய்தி ஓடும் குழுவில் 40,000 என்பது ஒரு வருஷத்துக்குச் சற்றே கூடுதல். ஆகவே பிசான அறுவடை முடிந்ததும் வருஷத்துக்கு ஒன்று எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ‘எக்ஸ்போர்ட்’ செய்யவே விடவில்லை என்றால், 2025இல் வந்த ‘அட்வான்ஸ்டு சாட் பிரைவசி’ போடப்பட்டிருக்கும், அட்மினிடம் பேசுங்கள்.

கோப்பைக் கணினியில் நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து, தேடல் பெட்டியில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ தேர்ந்து குள(ம்|த்) என்றோ தண்ணீ|தண்ணி|நீர் என்றோ போட்டு, ‘ஃபைண்ட் ஆல்’ கொடுத்தால் பொருந்திய வரிகள் எல்லாம் கீழே ஒரே பட்டியலாக நிற்கும். நடுவில் உள்ள | கோட்டுக்கு ‘அல்லது’ என்று பொருள். சொல்லின் நடுப்பகுதியும் இங்கே சிக்கும். ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் பெயர் இருப்பதால் ஆள்வாரியாகவும் தேடலாம். ஆனால் உங்கள் போனில் சேமிக்காதவர் வெறும் எண்ணாகத்தான் இருப்பார். பல வரிச் செய்தியில் தேதியும் பெயரும் முதல் வரியில் மட்டும்தான் வரும். பட்டியலில் தேதியில்லாத வரி வந்தால் அதைச் சொடுக்கி மேலே பாருங்கள். எக்ஸெலில் நேரடியாகத் திறக்காதீர்கள், தமிழ் சிதையும். ‘டேட்டா’ வழியாக இறக்கி, குறிமுறை 65001 யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்.

டெலிகிராம் குழுவானால் இவ்வளவு பாடு இல்லை. உள்ளே தேடும்போதே ஆளையும் தேதியையும் தேர்ந்துகொள்ளலாம்.

செய்தி கிடைத்தது, அதிலுள்ள இணைப்பு திறக்கவில்லை

இணைப்பை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள். அரசுத் தளப் பக்கம் என்றால் பெரும்பாலும் ஏதாவது ஒரு தேதியில் சேமித்திருக்கும். பக்கத்தின் நகலைக் காட்டிய கூகுளின் கேஷ் வசதியை நம்பியிருந்தவர்களுக்கு அது 2024இல் எடுக்கப்பட்டுவிட்டது.

கிடைத்ததைத் திரும்பத் தொலைக்காமலிருக்க

ஸ்டார் போடுவது உங்கள் போனுக்கு மட்டும்தான். ‘பின்’ வசதியால் குழுவின் மேலே குத்தி வைத்தால் அதிகபட்சம் 30 நாள். குழு முழுதுக்கும் உதவுவது இதுதான்: அந்தப் பழைய செய்தியை மேற்கோள் காட்டி ஒரு பதில் போடுங்கள். பதிலில் வாக்கியம் வேண்டாம், தேடும் சொற்கள் மட்டும் போதும். ‘வாழை இலைப்புள்ளி மருந்து அளவு மில்லி 2022 கார்’ என்று தமிழில் ஒரு வரி, அதையே ஆங்கில எழுத்தில் ஒரு வரி. அடுத்து யார் எப்படித் தட்டித் தேடினாலும் இந்தப் பதில் வரும், மேற்கோளைத் தொட்டால் மூலச் செய்திக்குப் போய்ச் சேர்வார்கள்.